60,000 ரூபாய் பட்ஜெட்டில் ஒரு கான்டெஸாவுக்கு அலாய் வீல்: நிகழ்வு ஆய்வு

சென்னையில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் பழைய கான்டெஸா காரை மசில் கார் (60களின் பலமான இன்ஜின் கொண்ட அமெரிக்கக் கார்) தோரணைக்கு மாற்றுகிறவர்கள் பெயின்ட், பானெட், சீட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாகத்தான் வீலுக்கு வருகிறார்கள். அதற்குள் பணம் கரைந்திருக்கும். மிச்சமிருக்கும் தொகையில் கண்ணுக்குப் பிடித்த டிசைனை எடுத்து மாட்டிவிடுவார்கள். வண்டி மட்கார்டில் உரசும், ஸ்டீயரிங் கனக்கும், முதல் மழைக்காலத்திலேயே ரிம் வளையும். இங்கே எடுத்துக்கொண்டது 1.8 லிட்டர் இசுசு இன்ஜின் கொண்ட ஒரு கான்டெஸா கிளாசிக். வீல், டயர், பொருத்தும் கூலி அனைத்துக்கும் சேர்த்து ஒதுக்கியது 60,000 ரூபாய்.

உரிமையாளர் கேட்டது 17 × 8ஜே (விட்டம் 17, அகலம் 8 அங்குலம்; ஜே என்பது விளிம்பின் வடிவம்), ஆழமான குழியுள்ள ஐந்து ஸ்போக் அலாய். பின்பக்கம் கொஞ்சம் தூக்கி, டயர் தடிமனாகத் தெரிய வேண்டும். வண்டியில் இருந்தது 14 × 5ஜே இரும்பு ரிம், 185/70 ஆர்14 டயர் (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 70 சதவீதம், ரிம் 14 அங்குலம்). பவர் ஸ்டீயரிங் கிடையாது. ஓட்டம் பெரும்பாலும் அண்ணா நகர், வடபழனி, வேளச்சேரி வட்டாரத்தில். ஞாயிறு காலையில் மட்டும் ஈசிஆர் என்ற கிழக்குக் கடற்கரைச் சாலை. ஓட்டம் பெரும்பாலும் நகருக்குள் என்பது முக்கியம். வடகிழக்குப் பருவமழை முடிந்த பிறகு நகரச் சாலைகளில் விழும் பள்ளங்களைத் தாங்கப்போவது டயரின் பக்கச்சுவர். 17 அங்குலத்தில் பொருந்தக்கூடிய 215/45 டயருக்குப் பக்கச்சுவர் உயரம் 97 மி.மீ. 15 அங்குலத்தில் 195/60 எடுத்தால் 117, 205/65 எடுத்தால் 133.

முதலில் அளவு, பிறகுதான் கடை

எந்தப் பட்டியலையும் நம்பாமல் வண்டியையே அளக்க வேண்டும். இந்த வயது கார்கள் பல கை மாறியவை. பின் ஆக்சில், முன் ஹப் (சக்கரம் உட்காரும் மையப் பகுதி), ஸ்டட் (அதிலிருந்து நீட்டும், நட் ஏறும் திருகு) எல்லாம் எப்போதோ மாற்றப்பட்டிருக்கும். முன்னும் பின்னும் வேறு வேறு ஸ்டட் இழை இருந்தாலும் வியப்பில்லை. எனவே கீழே வரும் எண்கள் இந்த ஒரு வண்டிக்கு உரியவை. முறை மட்டும் எல்லோருக்கும் பொது.

ஐந்து ஸ்டட் ஹப்பில் எதிரெதிர் ஸ்டட் இல்லை என்பதால் பிசிடியை (ஸ்டட் மையங்கள் வழியே செல்லும் வட்டத்தின் விட்டம்) நேராக அளக்க முடியாது. வெர்னியரை எடுத்து, ஒரு ஸ்டட்டின் உள் ஓரத்திலிருந்து பக்கத்து ஸ்டட்டின் வெளி ஓரம்வரை அளந்தால் அது மையத்துக்கு மையம் உள்ள தூரம். அதை 0.5878 ஆல் வகுத்தால் பிசிடி. இங்கே நான்கு ஹப்பிலும் 67.2 மி.மீ. கிடைத்தது, அதாவது 114.3. மஸ்டாங் முதல் தலைமுறை வி8, பழைய டாட்ஜ், பிளிமத் பலவற்றுக்கும் இதே 5 × 114.3தான். ஷெவர்லே கமாரோவின் முதல் தலைமுறைக்கு 120.65. பிஎம்டபிள்யூவின் 120 ரிம்மை கமாரோவுக்கு மாட்டச் சொல்பவர்கள் உண்டு, மாட்டவே கூடாது. ஸ்டட் வளைந்தபடி இறுகும். நட் சரியாக உட்காராமல் தளர்ந்துகொண்டே வரும். பக்கத்து ஸ்டட் தூரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் 0.4 மி.மீ.தான், டேப்பில் பிடிபடாது.

அடுத்தது ஆஃப்செட், அதாவது ரிம் அகலத்தின் மையக்கோட்டிலிருந்து ஹப்பில் உட்காரும் முகம் தள்ளியிருக்கும் தூரம்; வெளிப்பக்கம் தள்ளியிருந்தால் பிளஸ். ரிம்மின் பின்பக்கத்தில் நேரான பட்டையைக் குறுக்கே வைத்து, ஹப்பில் உட்காரும் முகம்வரை ஆழம் பார்த்தோம்: 101 மி.மீ. 5ஜே ரிம்மின் மொத்த அகலம், இரு பக்க விளிம்பும் சேர்த்து, சுமார் 152. அதில் பாதி 76. மிச்சம் 25. ஆஃப்செட் பிளஸ் 25.

இனி டயர் எங்கே நிற்கிறது என்ற கணக்கு. பெயரில் 185 என்று எழுதியிருந்தாலும் அந்த டயரின் உண்மையான அகலம் 5.5 அங்குல ரிம்மில் 189. ரிம் அரை அங்குலம் மாறினால் டயர் அகலம் ஏறத்தாழ 5 மி.மீ. மாறும். எனவே 5ஜேயில் 184. ஹப் முகத்திலிருந்து உள்ளே 117, வெளியே 67. இந்த இரண்டு எண்களோடுதான் ஒவ்வொரு புது வீலையும் ஒப்பிட வேண்டும்.

இடம் எவ்வளவு இருக்கிறது என்பதை வண்டி தரையில் நிற்கும்போது மட்டும் பார்த்தால் போதாது. முன்பக்கம் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் மரக்கட்டை மேல் ஏற்றிப் பார்க்க வேண்டும். 5 மி.மீ. பாதுகாப்பு இடைவெளி கழித்து இந்த வண்டியில் மிஞ்சியது: முன்பக்கம் உள்ளே 20, வெளியே 18, பின்பக்கம் உள்ளே 25, வெளியே 28.

இந்த எண்களோடு 17 × 8ஜேயைப் பொருத்திப் பார்த்தால் விடை உடனே தெரிந்துவிடும். குழி ஆழமாகத் தெரிய ஆஃப்செட் 0 வேண்டும். 8ஜேயில் 215/45 டயர் சுமார் 223 அகலத்துக்கு விரியும். வெளியே 111.5, அதாவது பழையதைவிட 44.5 மி.மீ. வெளியே. முன்பக்கம் இருப்பதோ 18. மட்கார்டை வெட்டி அகலப்படுத்தாமல் அது நடக்காது. வெட்டினாலும் வீலின் மையக்கோடு 25 மி.மீ. வெளியே தள்ளிப்போவதால் முன் பேரிங் மேல் வளைவுச் சுமை கூடும், பள்ளத்தில் ஸ்டீயரிங் கையை உதறும். பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் இதை ஒவ்வொரு பார்க்கிங்கிலும் தோள்பட்டை உணரும். மட்கார்டுக்கு வெளியே துருத்தும் டயர் இன்னொரு விதத்திலும் சிக்கல். கான்டெஸா உற்பத்தி 2002இல் நின்றது. ஓடும் வண்டிகள் எல்லாமே 15 வருடத்தைத் தாண்டியவை. 5 வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓவில் காட்டிப் பதிவைப் புதுப்பித்தாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியின் மூல அமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. துருத்தும் சக்கரம் அங்கே முதலில் கண்ணில் படும்.

ஒரே ரிம், இரண்டு டயர்

மசில் கார் தோரணைக்குப் பெரிய ரிம் அவசியம் என்பது தவறான எண்ணம். 60களின் அமெரிக்கக் கார்கள் 14, 15 அங்குல ரிம்மில்தான் ஓடின. அந்த நிற்பு வருவது பின் டயரின் உயரத்தாலும், சக்கரம் மட்கார்டு விளிம்போடு ஒட்டி நிற்பதாலும்தான். எனவே நான்கும் ஒரே அளவு ரிம் எடுத்து, டயரிலும் ஸ்பேசரிலும் (ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் உலோகத் தட்டு) மட்டும் முன்பின் வித்தியாசம் காட்டுவது என்று முடிவானது. பட்ஜெட்டைக் காப்பாற்றியது இந்த ஒரு முடிவுதான். இரண்டு அகலத்தில் ரிம் தேடினால் பழைய மார்க்கெட்டில் ஜோடி சேராது, புதிதாக வாங்கினால் விலை தாங்காது.

முன்பக்கம் 195/60 ஆர்15: மொத்த விட்டம் 615 மி.மீ., பழைய டயருக்கும் கிட்டத்தட்ட அதேதான். பின்பக்கம் பழைய இன்னோவாவில் வந்த 205/65 ஆர்15: விட்டம் 647.5. ஆக்சில் 16 மி.மீ. உயரும். சுமைக் குறியீடும் சரி. முன்னால் 88 என்றால் டயருக்கு 560 கிலோ, பின்னால் 94 என்றால் 670 கிலோ. இதற்கு ஒரு விலை உண்டு: ஸ்பீடோமீட்டர் கேபிள் கியர்பாக்ஸிலிருந்து வருவதால் முள் 60 காட்டும்போது வண்டி 63இல் போகும். கிளம்பும்போது இழுவையும் சுமார் 5 சதவீதம் குறையும். இழுவைதான் முக்கியம் என்பவர் பின்னால் 205/60 ஆர்15 போடலாம், வித்தியாசம் 2 சதவீதத்தோடு நிற்கும், ஆனால் தூக்கல் கண்ணுக்குத் தெரியாது. இங்கே உரிமையாளர் தூக்கலைத் தேர்ந்தெடுத்தார். ஏபிஎஸ் இல்லாத வண்டி என்பதால் முன்பின் விட்ட வித்தியாசம் வேறெதையும் குழப்பாது.

ரிம் எங்கே? புது ஆஃப்டர்மார்க்கெட் அலாய்க்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலை, பழைய கம்பெனி அலாய்க்குப் புதுப்பேட்டை. இந்தப் பட்ஜெட்டில் எங்கள் சாய்வு தெளிவாகப் புதுப்பேட்டை பக்கம். பெயர் தெரியாத மலிவான புது அலாயைவிட, கார் கம்பெனி சோதித்து மாட்டிய ரிம் பத்து வருடம் ஓடியிருந்தாலும் நம்பகமானது, எடையும் பெரும்பாலும் குறைவு. புதிதுதான் வேண்டும் என்றால் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 16192 (வீல் ரிம்முக்கான இந்தியத் தரநிலை) எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். ஜேடபிள்யூஎல் என்ற ஜப்பானியத் தர வார்ப்பு எழுத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். அது தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் முத்திரை. கூடவே விஐஏ இருந்தால்தான் வெளியாள் சரிபார்த்தது என்று பொருள். இரண்டுக்குமே போலி உண்டு.

5 × 114.3இல் டொயோட்டா இன்னோவா, ஹோண்டா சிவிக் இரண்டும் எளிதில் கிடைப்பவை. இரண்டுமே 15 × 6ஜே, ஆஃப்செட் 45. இன்னோவா ரிம் மலிவு. ஆனாலும் சிவிக்கை எடுக்க வேண்டியதாயிற்று. காரணம், நடுத்துளை.

பழைய பின்சக்கர இயக்கக் கார்களில் முன் ஹப்பின் நடுவே கிரீஸ் மூடி நீட்டிக்கொண்டிருக்கும். இந்த வண்டியில் அதன் விட்டம் 56 மி.மீ., ஹப் முகத்திலிருந்து நீளம் 38. அதன் அடியில் கடைந்த தோள் ஒன்று, விட்டம் 62. டொயோட்டா ரிம்மின் நடுத்துளை 60.1, ஹோண்டாவுக்கு 64.1. ரிம்மை மையப்படுத்த ஸ்பேசரின் முன்பக்கம் ஒரு வளையம் எழும்ப வேண்டும். அதற்குள் கிரீஸ் மூடியும் நுழைய வேண்டும். டொயோட்டா ரிம் என்றால் அந்த வளையத்தின் சுவர் 2 மி.மீ.கூட வராது, அலுமினியத்தில் அது நெளிந்துவிடும். ஹோண்டா என்றால் 3.8 மி.மீ. நிற்கிறது. கடையில் பிசிடி பொருந்துகிறது என்றவுடன் பணத்தை நீட்டுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வாங்கப் போகும்போது கிரீஸ் மூடியின் அளவை எழுதிக் கையில் வைத்திருங்கள்.

ஸ்பேசர் இல்லாமலும் ஆகாது. ஆஃப்செட் 45 அப்படியே போட்டால் 195/60 டயர் உள்ளே 28.5 மி.மீ. நகர்ந்து சஸ்பென்ஷனின் மேல் ஆர்மில் இடிக்கும், வெளியே 11.5 மி.மீ. குழிந்து சக்கரம் ஒடுங்கித் தெரியும். முன்பக்கம் 15 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் ஆஃப்செட் 30. உள்ளே 13.5, வெளியே 3.5 மட்டும் கூடுகிறது. பின்பக்கம் 25 மி.மீ. வைத்தால் ஆஃப்செட் 20. 205/65 டயர் உள்ளே 7.5, வெளியே 17.5. நான்கும் இடத்துக்குள் அடங்கிவிட்டன.

ரிம் வாங்கும்போது

டயர் கழற்றாத ரிம்மை வாங்காதீர்கள். உள் விளிம்பின் வளைவை டயர் மறைத்துவிடும். பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டு, விளிம்புக்கு அருகே ஒரு கம்பியை நிறுத்தி வைத்தாலே ஆட்டம் தெரியும். மேலும் கீழும், பக்கவாட்டிலும் 1 மி.மீ.க்கு மேல் ஆடினால் விலையைக் குறைத்துப் பேச வேண்டும், 3 மி.மீ. தாண்டினால் விட்டுவிட வேண்டும். பிறகு ரிம்மின் உள் உருளைப் பகுதியில், ஸ்போக் சேரும் இடங்களின் பின்பக்கம், சிவப்புச் சாய விரிசல் சோதனை. மூன்று ஸ்பிரே: கழுவுவது, சாயம், வெள்ளைப்பொடி. முடிக்கனத்தில் ஒரு சிவப்புக் கோடு வந்தாலும் ஒதுக்கிவிட வேண்டும். விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் அடைத்துத் தருவதாகச் சொல்வார்கள். வார்ப்பு அலாய் சூட்டுப் பதப்படுத்தலில் பெற்ற வலுவை வெல்டிங் சூடு அந்த இடத்தில் அழித்துவிடுகிறது. அடைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி பிளக்கும். இந்த செட்டில் ஒரு ரிம்மின் உள் விளிம்பு 1.5 மி.மீ. வளைந்திருந்தது, விரிசல் இல்லை. அதைத் தட்டி நிமிர்த்தி எடுத்துக்கொண்டோம்.

ஸ்பேசரும் ஸ்டட்டும்

அம்பத்தூர் எஸ்டேட், கிண்டி எஸ்டேட் இரண்டிலும் இதைக் கடைந்து தரும் லேத் பட்டறைகள் நிறைய. 6061 டி6 என்ற பதப்படுத்திய அலுமினியக் கட்டியில்தான் கடைய வேண்டும். வார்ப்பு அலுமினியம் வேண்டாம். வரைபடத்தில் எழுதிக் கொடுக்க வேண்டியவை: ஹப் பக்கம் 62.05 விட்டத்தில் 7 மி.மீ. ஆழக் குழி, வீல் பக்கம் 64.0 விட்டத்தில் 8 மி.மீ. உயர வளையம், முன் ஸ்பேசர் நடுவில் 56.3 துளை, இரு முகமும் 0.05 மி.மீ.க்குள் இணையாக. கடைசிச் சொல்லை விட்டால் எவ்வளவு பேலன்ஸ் செய்தாலும் அதிர்வு போகாது.

முன்பக்கம் 15 மி.மீ. என்பது ஸ்டட்டுக்குள் நுழைந்து உட்காரும் வகை. பழைய ஸ்டட்டால் பிடிப்புப் போதாது. நட் குறைந்தபட்சம் ஸ்டட் விட்டத்தின் அளவுக்காவது இழையில் ஏற வேண்டும். எம்12 × 1.5 இழையில் அது 8 முழுச் சுற்று. நீளமான, அதிக வலுவுள்ள 10.9 தர ஸ்டட் பத்து வாங்கி, ஹைட்ராலிக் பிரஸ்ஸில் ஏற்றினோம். சுத்தியலால் அடித்தால் ஸ்டட் சாய்ந்து உட்காரும், ஹப்பும் கோணும். ஸ்டட்டின் முள்வரிப் பகுதி ஹப் துளையைவிட 0.2 முதல் 0.3 மி.மீ. பெரிதாக இருக்க வேண்டும். குறைந்தால் நட்டை இறுக்கும்போது ஸ்டட்டே சுழலும்.

பின்பக்க 25 மி.மீ. வகை வேறு: ஆக்சிலின் பழைய ஸ்டட்டில் ஸ்பேசரை நட் போட்டு இறுக்கி, ஸ்பேசரிலேயே பதித்த புது ஸ்டட்டில் வீலை மாட்டுவது. இங்கே பழைய ஸ்டட் 28 மி.மீ. நீளம், ஸ்பேசரைத் தாண்டி 3 மி.மீ. நீட்டியது. அலாயின் பின்முகத்தில் துளைகளுக்கு இடையே வார்ப்புக் குழிகள் இருந்ததால் அவை அதில் அடங்கின. அடங்குகிறதா என்று களிமண் உருண்டை வைத்து அழுத்திப் பார்த்தால் போதும். முட்டினால் ஸ்டட் நுனியை அறுக்க வேண்டும். அறுக்காமல் இறுக்கினால் வீல் முகத்தில் உட்காராமல் ஸ்டட் நுனியில் நிற்கும்.

நட்டில் ஒரு எச்சரிக்கை. ஹோண்டா கம்பெனி அலாயின் துளை உட்காருமிடம் உருண்டை வடிவம். பழைய இரும்பு ரிம்மின் நட் 60 டிகிரி கூம்பு. கூம்பு நட்டை உருண்டைக் குழியில் போட்டால் மெல்லிய ஒரு வட்டக் கோட்டில் மட்டும் தொடும்; இறுகியது போல் தெரியும், 100 கிலோமீட்டரில் தளரும். 20 உருண்டை நட் வாங்கியது அதனால்தான்.

மாட்டிய பிறகு தவறியவை

முறுக்கு 108 நியூட்டன் மீட்டர், நட்சத்திர வரிசையில், டார்க் ரெஞ்சில். 50 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி பார்த்தபோது முன்பக்க நட்டுகள் பல கால் சுற்றுக்கு மேல் திரும்பின. வீலைக் கழற்றியதும் காரணம் தெரிந்தது: பவுடர் கோட்டிங் கொடுத்த இடத்தில் ஹப் முகத்தையும் நட் குழிகளையும் மறைக்காமல் பூசியிருந்தார்கள். நட் கீழே பூச்சு நசுங்கிக் குழையும்போது இறுக்கமும் போய்விடுகிறது. பூச்சைச் சுரண்டி, இரு முகங்களையும் வெற்று உலோகமாக்கி மாட்டியதும் நட்டுகள் அசையவில்லை. கோட்டிங்கிற்குக் கொடுக்கும் முன்பே அந்த இடங்களைச் சூடு தாங்கும் டேப் ஒட்டிக் கொடுங்கள், வாய்மொழியாகச் சொன்னால் நடக்காது. அடுப்புச் சூடு 200 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்றும், ஒரே ரிம்மை மீண்டும் மீண்டும் சுட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

இரண்டாவது, நால்வர் உட்கார்ந்து வேகத்தடையில் ஏறும்போது பின் இடது டயர் மட்கார்டின் உள் மடிப்பில் தொட்டது. அளந்தது ஓட்டுநர் இல்லாத காலி வண்டியில்; சுமையோடு ஒரு பக்கம் மட்டும் ஏறும்போது ஆக்சில் சாய்ந்து டயரின் மேல் ஓரம் வெளியே வருகிறது. மடிப்பை ஹீட் கன்னில் சூடாக்கி உள்பக்கம் படுக்க வைத்ததும் சரியானது. சூடாக்காமல் மடித்தால் பெயின்ட் வெடிக்கும். மடித்த இடத்தில் துருத்தடுப்பு பூச வேண்டும். கடற்கரைப் பக்கத்தில் நிற்கும் வண்டிகளுக்கு அந்த மடிப்பிலிருந்துதான் துரு தொடங்குகிறது.

செலவு: ரிம் நான்கு 15,000, நிமிர்த்தலும் விரிசல் சோதனையும் 1,500, கோட்டிங் 4,400, ஸ்பேசர் நான்கு 8,000, ஸ்டட்டும் பிரஸ் கூலியும் 2,500, நட் 2,000, முன் டயர் இரண்டு 11,000, பின் டயர் இரண்டு 13,400, மாட்டுதல், பேலன்சிங், அலைன்மென்ட் 2,200. அதுவரை சரியாக 60,000. பூச்சு அகற்ற 700, மடிப்புக்கு 800 என மேலே 1,500 போனது. டயரில் குறைத்து ரிம்மில் போடும் யோசனை இடையில் எழுந்தது, மறுத்துவிட்டோம். செலவில் ஐந்தில் இரண்டு பங்கு டயருக்குப் போனதுதான் சரியான கணக்கு. டயர் வாங்கும்போது பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதியைப் படியுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 1425 என்றால் 2025இன் 14ஆவது வாரம்.

ஸ்டெப்னிக்குப் பழைய 14 அங்குல இரும்பு ரிம்மே டிக்கியில் இருக்கிறது. அது கூம்பு நட்டில்தான் உட்காரும், அதனால் எம்12 × 1.5 கூம்பு நட் ஐந்து ஒரு துணிப்பையில் ஜாக்கோடு கட்டி வைத்திருக்கிறது. பின்பக்கம் மாட்ட நேர்ந்தால் இரு பக்க விட்டமும் வேறு என்பதால் டிஃபரென்ஷியல் (இரு பின்சக்கரங்களையும் வேறு வேகத்தில் சுழல விடும் கியர்) இடைவிடாமல் சுற்றும். 50 கிலோமீட்டர் வேகத்துக்குள், பக்கத்துப் பஞ்சர் கடைவரை மட்டும்.